பதினோராம் பத்தியும் படிக்கட்டு விளக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் உன் அத்தானும் நலம். அங்கு நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உறவினருக்குக் கடிதம் எழுதும்போது முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்று பணிக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதற்குத் தனியே மதிப்பெண் உண்டு. ஆகவே விசாரித்துவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன். இங்கே யாரும் நலமாக இல்லை. எனக்கு இடது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கீழ்வீட்டிலிருந்து எழுத்துமூலம் வந்துவிட்டது. இதற்கெல்லாம் காரணம் வேறு யாருமில்லை, நீ அச்சடித்திருக்கிற ஆறாம் வகுப்பு மொழிப் பயிற்சி நூல்தான். ஆகையால் நீ உடனே செய்யவேண்டியது என்னவென்றால், அடுத்த பதிப்பில் பதினோராம் பத்தியைக் கிழித்தெறிந்துவிட்டு அந்த இடத்தில் ஏதாவது ஒரு பறவையைப் போடு. இரண்டாவது, எங்களுக்கு ஒரு வீடு பார். தரைத்தளமாக இருக்கட்டும். மூன்றாவது, இனிமேல் பத்தி வேண்டும், கேள்வி வேண்டும் என்று என்னிடம் கேட்காதே. திங்கட்கிழமை முதல் பாடத்துக்கு வரவேண்டாம் என்று இங்கே வரும் பிள்ளைகளிடமும் சொல்லப்போகிறேன். எனக்கு அலுத்துவிட்டது.

நீ போன் செய்தது உனக்கு நினைவிருக்காது. நீ செய்கிற போன் எதுவும் உனக்கு நினைவிருப்பதில்லை. "அக்கா, நாப்பது பத்தி வேணும், ஒவ்வொண்ணுக்கும் கீழ நாலஞ்சு கேள்வி, உனக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு எழுதுற வேலை" என்றாய். கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடியதெல்லாம் பத்தாவது பத்தியோடு தீர்ந்துபோனது. கிளி வந்து போனது, ஆறு வந்து போனது, தூய்மையைப் பற்றி இரண்டு, நேரம் தவறாமையைப் பற்றி நேரம் தவறி ஒன்று என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். நீ மறுபடியும் போன் செய்து, "அக்கா, இதைப் படிச்சா பிள்ளைங்க தூங்கிடும், நிஜ வாழ்க்கையிலேருந்து ஏதாவது எழுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்று சாயங்காலமே நிஜ வாழ்க்கை என்னைப் படிக்கட்டில் வைத்துத் தள்ளிவிட்டது. நீ இந்த வீட்டுக்கு வந்ததேயில்லை என்பதால் சொல்கிறேன். நாங்கள் இருப்பது மாடி. படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது, நல்ல வெயிலடிக்கும்போதே அது பொந்து மாதிரி இருக்கும். அதற்கு ஒரே ஒரு விளக்கு, அந்த விளக்குக்கு ஒரே ஒரு ஸ்விட்ச், அந்த ஸ்விட்ச் கீழ்வீட்டுக்காரரின் முன்னறையில், அவர் உட்காரும் நாற்காலிக்குக் கையெட்டும் தூரத்தில். அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர். கடைத்தெருவில் விளக்குக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் விற்கிற மனிதர். வெளிக்கதவு கிறீச்சிட்டால் விளக்கைப் போடுவார், நாம் ஏறி முடித்திருப்போம் என்று அவர் மனத்துக்குத் தோன்றும்போது அணைப்பார். அவர் மனம் இளைஞர்களின் முழங்காலை வைத்துக் கணக்குப் போடுகிற மனம். நான் காய்கறிப் பையோடு திருப்பத்தில் நிற்கும்போது விளக்கு போய்விட்டது. தக்காளி ஒவ்வொரு படியாக இறங்கிப் போகிற சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். "யாரது?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "நான்தான்" என்றேன். "பார்த்து ஏறுங்க டீச்சர்" என்றார். எதைப் பார்த்து?

அந்த வலியோடு உட்கார்ந்து எழுதியதுதான் பதினோராம் பத்தி. ஒரு வீட்டுக்காரர், அவர் படிக்கட்டு விளக்கை ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அணைப்பார், 'கரண்டு என்ன மரத்திலா காய்க்கிறது?' என்பார், ஒரு நாள் ஓர் ஆசிரியை விழுந்துவிடுகிறார், அவ்வளவுதான் கதை. யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்று விளக்குக் கடையை மெழுகுவத்திக் கடையாக மாற்றினேன். மீசையை எடுத்துவிட்டேன். கீழே கேள்விகள்: ஒன்று, வீட்டுக்காரர் விளக்கை எப்போது அணைத்தார்? இரண்டு, அவர் ஏன் அவ்வாறு செய்தார்? மூன்று, 'கருமி' என்பதன் எதிர்ச்சொல் எழுதுக. நான்கு, பத்திக்குத் தகுந்த தலைப்பு தருக. இதை எழுதி அனுப்பியபின் எனக்கு முழங்கால் வலி பாதி குறைந்தது போல இருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உலகத்தில் இருக்கிற அத்தனை பள்ளிகளையும் விட்டுவிட்டு இந்தத் தெரு முனையில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கே நீ போய் இந்தப் புத்தகத்தை விற்பாய் என்று நான் எப்படி நினைத்துப் பார்ப்பேன்?

சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு பிள்ளைகள் உட்காருவார்கள். இலக்கணம் வராதது, கட்டுரை வராதது, பத்தியைப் படித்துவிட்டுக் கேள்வியை மட்டும் திருப்பி எழுதிவைப்பது, எல்லாம் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நேரமில்லாததால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர். எழுதுவதையெல்லாம் அடித்துவிடுகிறவன் 'அடித்தல்திருத்தல்'. ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாக எழுதுகிறவள் 'காற்புள்ளி'. கீழ்வீட்டுக்காரரின் மகள் எதற்கெடுத்தாலும் ஏன் என்பாள், அதனால் அவள் 'ஏன்'. அன்றைக்கு எல்லாரும் புதுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தபோது பார்த்தால் அது நீ அச்சடித்த நூல். "மிஸ், பதினோராவது பத்தி வீட்டுப்பாடம்" என்றார்கள். மற்ற ஆறு பேரும் பென்சிலைக் கடித்துக்கொண்டு படித்தார்கள். 'ஏன்' மட்டும் ஒரு முறை படித்தாள், தலையை நிமிர்த்தினாள்.

"மிஸ், இது எங்கப்பாதானே?"

"இல்லம்மா. இது கற்பனை."

"எங்கப்பா மாதிரியே இருக்கே?"

"மாதிரி இருக்குன்னு சும்மா சொல்லக் கூடாது. எது சொன்னாலும் பத்தியிலேருந்து ஆதாரம் காட்டணும்னு எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்?"

சொல்லிக்கொடுத்தது என் தப்பு. பென்சிலை எடுத்து அடிக்கோடு போட ஆரம்பித்துவிட்டாள். கிறீச்சிடும் வெளிக்கதவு, ஜன்னலில்லாத படிக்கட்டு, திருப்பத்தில் ஓடு உடைந்த படி, மரத்தில் காய்க்காத கரண்டு. "இது எங்கப்பா தினமும் சொல்றது மிஸ்" என்று அந்த வரிக்கு மட்டும் இரட்டைக் கோடு. என் ஆசிரியப் பணியில் ஒரு பிள்ளை இவ்வளவு திருத்தமாக ஆதாரம் காட்டி நான் பார்த்ததில்லை. பாராட்ட முடியாத நிலையில் இருந்தேன். "சரி சரி, விடையை எழுது" என்று சொல்லித் தப்பித்தேன். எழுதிக்கொண்டுவந்தாள். இரண்டாம் கேள்விக்கு, அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்பதற்கு, 'உள்ளே அவருடைய மனைவி இரவு வேலைக்குப் போவதற்காகத் தூங்கிக்கொண்டிருந்தார், விளக்கு எரிந்தால் அவர் கண்ணில் வெளிச்சம் படும்' என்று எழுதியிருந்தாள். அவள் அம்மா மருத்துவமனையில் நர்ஸ், ராத்திரி டியூட்டி. பல வருஷமாக மாடியில் இருக்கிறேன், அந்த அம்மாள் வெளிக்கதவைத் தாண்டிப் போகும் முதுகைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசியதில்லை.

"இது பத்தியில எங்க இருக்கு?" என்றேன்.

"பத்தியில இல்ல மிஸ். வீட்டில இருக்கு. படிக்கட்டு லைட்டு அம்மா படுக்குற ரூமுக்குள்ளதான் அடிக்கும். அப்பா அதுக்குத்தான் அணைக்கிறாரு."

"பத்தியில இருக்கிறதை மட்டும்தான் எழுதணும்."

"ஆனா இதுதான் மிஸ் உண்மை."

"உண்மை வேற, விடை வேற. எழுதிக்கோ. மின்கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக."

எழுதிக்கொண்டாள். நான் சிவப்புப் பேனாவால் அவளுடைய விடையைக் குறுக்கே அடித்து முட்டை போட்டேன். நான்காம் கேள்விக்கு அவள் கொடுத்திருந்த தலைப்பு 'என் அப்பா'. அதற்குத் தகுந்த மதிப்பெண் எது என்று எனக்குத் தெரியாததால் விட்டுவிட்டேன்.

மதிப்பெண் குறைந்தால் பெற்றோர் கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்பது என் வீட்டு மேசையின் சட்டம். அந்தச் சட்டத்தை இயற்றிய புத்திசாலியும் நானே. மறுநாள் கீழ்வீட்டுக்காரரே புத்தகத்தோடு மேலே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, "இதுல வர்ற மெழுகுவத்திக் கடைக்காரர் யாரு டீச்சர்?" என்று கேட்டார். "கற்பனைப் பாத்திரம் சார்" என்றேன். "அவரு வீட்டுக் கேட்டு கிறீச்சுன்னு கத்துமாமே?" என்றார். "எண்ணெய் போடாத எல்லாக் கேட்டும் கத்தும் சார்" என்றேன். "அதென்ன, திருப்பத்துல அஞ்சாவது படியில ஓடு உடைஞ்சிருக்காமே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், உள்ளறையிலிருந்து உன் அத்தான், "அஞ்சாவது இல்ல சார், ஆறாவது. நான் அளந்தே வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்தார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான், குற்றத்துக்குச் சாட்சியும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். கீழ்வீட்டுக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு மெதுவாக, "கருமின்னா என்ன அர்த்தம் டீச்சர்?" என்றார். "சிக்கனமா இருக்கிறவங்களை..." என்று நான் இழுத்தேன். அவருக்குப் பின்னால் நின்ற 'ஏன்', "மிஸ், அதுக்கு எதிர்ச்சொல் வள்ளல்னு சொன்னீங்களே" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னை என்ன வேணா எழுதிட்டுப் போங்க டீச்சர். ஆனா என் பொண்ணு கையாலேயே எழுத வச்சுட்டீங்களே" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், முழங்காலையும் காட்டியிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனவரை என்ன செய்வது?

இரண்டு நாள் கழித்து 'ஏன்' ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "மிஸ், அப்பா ஒரு கடிதம் எழுதியிருக்காரு. முறையா இருக்கணுமாம். பிழை பார்த்துக் குடுக்கச் சொன்னாரு" என்றாள். நான் வாங்கி, பழக்கதோஷத்தில் நேராகப் பேனாவைத் திறந்துவிட்டேன். அனுப்புநர் இருந்தது, பெறுநர் என்ற சொல்லே இல்லை, எழுதினேன். பொருள் என்று போட்டு ஒன்றும் எழுதவில்லை, கோடிட்டுக் காட்டினேன். 'தாங்கள் குடி இருக்கும் பகுதியை' என்பதில் குடியிருக்கும் என்று சேர்த்தேன். 'சொந்த தேவைக்கு' என்பதில் த் போட்டேன். 'காளி செய்து' என்று இருந்ததைக் 'காலி செய்து' என்று திருத்தும்போதுதான் எந்தப் பகுதியை, யார் காலி செய்வது என்று எனக்கு உறைத்தது. பெறுநர் நான். அந்தச் சொல்லையும் நானே எழுதிச் சேர்த்திருந்தேன். 'ஏன்' என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு மிஸ்?" என்றாள். பத்துக்கு ஆறு போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அதைப் பிழையில்லாமல் திருத்தி எழுதி, கையெழுத்திட்டு, கதவுக்கு அடியில் தள்ளியிருந்தார். பொருள் என்ற இடத்தில், 'வீட்டைக் காலி செய்தல் – தொடர்பாக' என்று அழகாக எழுதியிருந்தார். இவ்வளவு சீக்கிரம் தேறிய மாணவர் எனக்கு வேறு யாருமில்லை.

உன் அத்தானிடம் காட்டலாம் என்று போனால் அவர் கையில் அதே புத்தகம். பதினெட்டாம் பத்தி திறந்திருந்தது. ஓய்வு பெற்ற ஒருவர் புது மின்விசிறி வாங்குகிறார், அதன் கையேட்டை முழுக்கப் படித்து முடிக்காமல் அதைச் சுழலவிடக் கூடாது என்கிறார், கையேடோ பல மொழிகளில் இருக்கிறது. 'கோடைக்காலம் முடிந்தபோது மின்விசிறி எங்கே இருந்தது?' என்பது கேள்வி. 'பெட்டியில்' என்பது விடை. உன் அத்தான் விடையைப் பென்சிலால் எழுதிவைத்துவிட்டு எழுந்து போனவர்தான், இன்றுவரை தலையாட்டல்தான், பேச்சில்லை. நீ சிரிக்காதே. இருபத்தேழாம் பத்தியைப் போய்ப் பார். எதிர்கால வினைமுற்றுகளை அடிக்கோடிடும் பயிற்சி. அதில் ஒரு தம்பி வருகிறான். அடுத்த வாரம் வருவேன், அக்காளைப் பார்ப்பேன், இரண்டு நாள் தங்குவேன், குழந்தைகளையும் அழைத்து வருவேன் என்று பத்தி முழுக்கப் பேசுகிறான். இறந்தகால வினைமுற்று ஒன்றுகூடக் கிடையாது. இதைப் பற்றி நீ இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதிலிருந்து நீ அச்சடிக்கும் புத்தகத்தை நீயே படிப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன். உன் மனைவி படித்துவிட்டாள். போனில் கூப்பிட்டு, "அக்கா, இருபத்தேழு ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இதற்கு நடுவிலும் பாடம் நடந்தது. பரீட்சை யாருக்காகவும் காத்திருக்காது. செயப்பாட்டுவினை நடத்தினேன். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்கள் என்றால், 'அடித்தல்திருத்தல்' எழுந்து, "படிக்கட்டு விளக்கு அணைக்கப்பட்டது" என்றான். 'காற்புள்ளி', "ஆசிரியை தள்ளப்பட்டார்" என்றாள். "யாரால்?" என்று கேட்பதுதான் பாடத்தில் அடுத்த படி. நான் கேட்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் 'ஏன்' பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். "மிஸ், எங்கப்பாவும் ஒரு பத்தி எழுதியிருக்காரு. நீங்க விடை எழுதணுமாம்" என்றாள். அப்படியே பார்த்து எழுதுகிறேன், பிழைகளும் அவருடையவை:

'மாடியில் ஒரு டிச்சர் இருந்தார்கள். அவர்கள் நல்லவர்கள். அவர்கள் வீட்டில் எட்டு நாற்காளி உள்ளது. ஒரு நாற்காளிக்கு நாலு கால். சாயங்காலம் பிள்ளைகள் வரும்போது முப்பத்திரண்டு காலும் தரையில் நடக்கும். கீழே ஒரு அம்மா தூங்குவார்கள். அவர்கள் ராத்திரி முழுக்க நோயாளிகளை பார்ப்பவர்கள். அவர்கள் ஒரு நாளும் மேலே வந்து சொண்ணதில்லை.'

கேள்விகளும் இருந்தன. ஒன்று, நாற்காலி எப்போது நடக்கும்? இரண்டு, அந்த அம்மா ஏன் மேலே வந்து சொல்லவில்லை? மூன்று, 'பொறுமை' எதிர்ச்சொல் தருக. முதல் கேள்விக்கு எழுதினேன். மூன்றாவதற்கும் எழுதினேன். இரண்டாவதற்குப் பத்தியை மேலும் கீழும் எத்தனையோ முறை படித்துப் பார்த்துவிட்டேன், விடை அதில் இல்லை. சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது. நாற்காளியும் சொண்ணதும் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தன. மூடி வைத்தேன்.

"இதுக்குப் பத்தியில விடை இல்லையேம்மா" என்றேன்.

"தெரியும் மிஸ்."

"உனக்குத் தெரிஞ்சாச் சொல்லேன்."

"மேல சத்தம் கேட்டா எனக்குப் பாடம் நடக்குதுன்னு அர்த்தமாம். அதனால அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்களாம். அப்பாதான் சொன்னாரு."

அப்போது 'அடித்தல்திருத்தல்' பென்சில் சீவ எழுந்தான். நாற்காலி தரையில் இழுபட்டது. என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். பல் டாக்டர் வீட்டு வாசலில் நிற்பது போல இருந்தது. "எல்லாரும் எழுந்திருங்க. தூக்கிட்டுப் போங்க. இழுக்கக் கூடாது, தூக்கணும்" என்று சொல்லி எட்டு நாற்காலிகளையும் பால்கனிக்கு அனுப்பிவிட்டுத் தரையில் ஜமக்காளத்தை விரித்தேன். அன்றிலிருந்து பாடம் தரையில்தான். மடக்க முடியாத முழங்காலை நீட்டிக்கொண்டு நானும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்க இரண்டு பிள்ளைகளின் உதவி வேண்டியிருக்கிறது. 'ஏன்' நோட்டை வாங்கி, இரண்டாம் கேள்விக்குப் போட்ட முட்டையை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். "ஏன் மிஸ்?" என்றாள். "உண்மையை எழுதியிருக்க" என்றேன். "அப்போ அன்னிக்கு ஏன் தப்புன்னீங்க?" என்றாள். அவளுக்கு நான் வைத்த பட்டப்பெயரை நொந்துகொண்டேன்.

பிறகு நானே கீழே இறங்கிப் போனேன். பிள்ளைகள் ஊமைகள் மாதிரி உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன், பதினோராம் பத்தியை எடுத்துவிடச் சொல்லி எழுதுகிறேன் என்றும் சொன்னேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், நான் ஏறிப் போய்ச் சேரும்வரை விளக்கை எரியவும் விட்டார். ஆனால் காலி செய்கிற விஷயத்தில், "அதை என்ன டீச்சர் பண்றது? எழுத்துல குடுத்துட்டேனே. நீங்களே திருத்தி மார்க்கும் போட்டுட்டீங்க. இப்போ இல்லைன்னு சொன்னா பிள்ளை முன்னாடி நல்லா இருக்குமா?" என்று என்னிடமே யோசனை கேட்டார். நாற்காலியில்லாமல், முட்டையில்லாமல், மேலே டீச்சரும் கீழே ஸ்விட்ச்சும் சமாதானமாக இருக்கும்போதே வீட்டைவிட்டுப் போகிறேன். இதுவரை சண்டையில்தான் வீடு மாறியிருக்கிறேன். அது இவ்வளவு களைப்பாக இருந்ததில்லை.

ஆகவே தம்பி, மேலே சொன்னவற்றை மறக்காதே. பத்தியை எடு, வீடு பார், இனி எழுதச் சொல்லாதே. நான் இனி யாருடைய பிழையையும் திருத்துவதாக இல்லை. யாராவது 'காலி'யைக் 'காளி' என்று எழுதினால் எழுதட்டும், அதனால் பல குடும்பங்கள் வீட்டில் நிலைக்கும். உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு என் முத்தம், அவர்களை ஏதாவது படிக்கச் சொல், உன்னைப் போல் அச்சடிக்க மட்டும் விட்டுவிடாதே. நீங்கள் எல்லாரும் நல்ல உடம்போடும், வெளிச்சமான படிக்கட்டோடும், நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு நர்ஸம்மா. அவருக்கு இன்று விடுமுறையாம். முதல்முறையாக முகத்தைப் பார்த்தேன், நல்ல சிரித்த முகம். கையில் உன் புத்தகம். "பதினோராவது பத்தி நீங்க எழுதினதாமே டீச்சர்? எங்க வார்டு பூரா வாசிச்சுக் காட்டிட்டேன். அப்படியே எங்க வீட்டுக்காரர்தான், மீசைதான் இல்ல" என்றார். அதை அடுத்த பதிப்பில் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன் என்றேன். "எடுக்கிறதா? நான் வருஷக்கணக்கா வாயால சொல்லி நம்பாத மனுஷன், அச்சுல வந்தப்புறம்தான் கொஞ்சம் யோசிக்கிறாரு, அதைப் போய் எடுக்கிறேங்கிறீங்களே" என்று பதறிவிட்டார். "இல்லம்மா, உங்க தூக்கத்துக்காகத்தானே அவர் விளக்கை அணைக்கிறாரு" என்றேன். "யாரு, எனக்காகவா? நான் ட்யூப் லைட்டுக்கு அடியில நின்னுக்கிட்டே தூங்குறவ டீச்சர். அவரு கருமிதான். பொண்ணு கேட்டாளாம், வேற என்ன சொல்றதுன்னு தெரியாம என் தூக்கத்தைச் சொல்லி வச்சிருக்காரு" என்றார். சரி, நாற்காலியாவது? "அதைக் கேட்கத்தான் வந்தேன். எங்க போச்சு உங்க நாற்காலியெல்லாம்? அது இழுபட்டாத்தான் எனக்கு முழிப்பு வரும். கடிகாரம் வச்சாக்கூட எழுந்திருக்க மாட்டேன். இந்த வாரம் ரெண்டு தடவை டியூட்டிக்கு லேட்டு, மேட்ரன் கூப்பிட்டுத் திட்டிட்டாங்க" என்றார். காலி செய்யச் சொன்ன கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா வீடு என் பேர்லதானே இருக்கு?" என்று மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பதவி உயர்வுப் பரீட்சை வருகிறதாம், அறிக்கை எழுதச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம், திங்கட்கிழமை முதல் வருகிறார். பால்கனியிலிருந்து நாற்காலிகளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அத்தான், "தூக்கி வை, தரை கீறும்" என்று பேசியே விட்டார்.

நர்ஸம்மா போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டுக்கொண்டார். "சின்னதுகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க டீச்சர். அப்பா எனக்காகத்தான் லைட்டை அணைக்கிறாருன்னு அவ முழுசா நம்பிக்கிட்டிருக்கா."

ஆகையால் வீடு பார்க்க வேண்டாம். பத்தி அப்படியே இருக்கட்டும். விடைக்குறிப்பில் மட்டும், பதினோராம் பத்தி, இரண்டாம் கேள்விக்கு நேராக, 'ஏற்புடைய விடை எதுவாயினும் முழு மதிப்பெண் வழங்குக' என்று போட்டுவிடு.